ஐஸ் பெட்டியில் மடையான் வேண்டாம்

காரைக்காலைச் சொந்த ஊராகக் கொண்டு சென்னையிலும் கோவையிலும் பெங்களூரிலும் பாரிசிலும் வாழ்கிற தம்பி தங்கைகளுக்கு,

கோவில்பத்திலிருந்து எழுதுகிறேன். பொங்கலுக்கு வருவீர்கள். நான்கு நாள் இருந்துவிட்டு, காணும் பொங்கல் முடிந்ததும் கிளம்புவீர்கள். கார் டிக்கியில் ஒரு தெர்மாகோல் பெட்டி இருக்கும். அதில் மீன் இருக்கும், இறால் இருக்கும், அம்மா தனியாகக் கட்டிக் கொடுத்த கருவாடு இருக்கும். சிலர் பெட்டியில் மட்டும் மீனுக்கு அடியில் இன்னொரு பை இருக்கிறது. இறகு பிடுங்கி, வாட்டி, மஞ்சள் தடவிய மடையான், கொக்கு, கிடைத்தால் உள்ளான், சிறவி. அந்தப் பையைப் பற்றித்தான் இந்த மடல்.

அது ஏன் உங்களுக்கு வேண்டியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஐப்பசி மழை விழுந்து வயலில் தண்ணீர் நின்றால் எங்கிருந்தோ வந்து இறங்கும் அந்தப் பறவைகள் நம் சின்ன வயதின் ஒரு பகுதி. வரப்பில் உட்கார்ந்திருக்கும்போது மண்ணோடு மண்ணாக இருந்து, எழும்பியதும் வெள்ளை வெளேரென்று பறக்கிற மடையானைப் பார்க்காமல் அரசலாற்றங்கரையில் யாரும் வளர்ந்திருக்க முடியாது. தாத்தா காலத்தில் கண்ணி வைத்துப் பிடித்த இரண்டு மடையான் மிளகுக் குழம்பானதையும் பலர் சாப்பிட்டிருக்கிறீர்கள். மூட்டுவலிக்கு நல்லது, இளைத்த பிள்ளைக்குத் தேறும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். இதற்கு மருத்துவ ஆதாரம் எதுவும் இல்லை. அதில் இருக்கிற சத்து நாட்டுக்கோழியிலும் இருக்கிறது.

தாத்தா பிடித்த இரண்டு மடையானும் அன்று இரவே அவர் வீட்டு அடுப்பில் முடிந்துபோயின. ஐஸ் இல்லை, பெட்டி இல்லை, 300 கிலோமீட்டர் தள்ளி யாரும் காத்திருக்கவில்லை. ஒரு குடும்பம் ஒரு வேளைக்குத் தின்னும் அளவே அந்த வேட்டைக்கு எல்லையாக இருந்தது. இன்று அந்த எல்லையைத் தூக்கியவர்கள் நாம். மழை பெய்கிறதா, பறவை இறங்கிவிட்டதா என்று வாட்ஸ்அப்பில் கேட்டு, கிளம்புவதற்கு முந்தின நாள் "இருபது எடுத்து வை" என்று சொல்லிவிடுகிறோம். வண்டியும் ஐஸும் போனும் சேர்ந்து, ஒரு வயலின் பறவையைச் சென்னையில் இருக்கிற ஒரு அடுக்குமாடியின் பத்து வீட்டுக்குக் கறியாக்குகின்றன. நன்றாக வளர்ந்த மடையான் ஒன்றின் எடையே ஏறக்குறைய கால் கிலோதான். இறகும் குடலும் போனால் கையில் நிற்பது என்ன? கொசு உள்ளான் என்கிற குட்டி உள்ளானின் எடை 30 கிராமைத் தாண்டுவதே அரிது. ஒரு கிலோ கறி சேர எத்தனை உயிர் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்படி ஒரு கதை அமெரிக்காவில் முடிந்தே போயிருக்கிறது. அங்கே பயணிப் புறா என்று ஓர் இனம் இருந்தது. கூட்டம் பறந்தால் வானம் இருண்டுபோகும் என்று பார்த்தவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். காட்டோரத்துக் குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாக அதைச் சுட்டுத் தின்றார்கள், இனம் அழியவில்லை. ரயிலும் தந்தியும் வந்த பிறகுதான் கதை மாறியது. கூட்டம் எங்கே இறங்கியிருக்கிறது என்று தந்தி சொல்லும்; வேட்டைக்காரர்கள் ரயிலேறிப் போவார்கள்; சுட்ட புறாவைப் பீப்பாயில் அடைத்து அதே ரயிலில் நகரச் சந்தைகளுக்கு அனுப்புவார்கள். 1878-இல் மிச்சிகன் மாநிலத்துப் பெட்டோஸ்கியில் கூடு கட்டியிருந்த பெருங்கூட்டத்தை அப்படித்தான் மாதக்கணக்கில் அள்ளினார்கள். கடைசிப் பயணிப் புறா 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி உயிரியல் பூங்காவில் கூண்டுக்குள் செத்தது. அந்த அழிவைக் கண்முன் பார்த்த லேசி என்ற நாடாளுமன்ற உறுப்பினர் 1900-இல் கொண்டுவந்த சட்டம் எதைப் பிடித்தது தெரியுமா? கறி போகிற வழியை. ஒரு மாநிலத்தில் சட்டத்தை மீறிக் கொன்ற உயிரை இன்னொரு மாநிலத்துக்கு ஏற்றிச் செல்வதே தனிக் குற்றம் என்றது. வண்டி நின்றால் சந்தை நிற்கும், சந்தை நின்றால் துப்பாக்கி தானாக ஓயும் என்று அந்த மனிதருக்குப் புரிந்திருந்தது.

நம் சட்டத்திலும் இது இருக்கிறது. ஆனால் நம்மில் பலருக்கு ஒரு தவறான எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. மதுப் பாட்டில் விலை தமிழ்நாட்டில் ஒன்று, காரைக்காலில் ஒன்று. பெட்ரோல் விலையும் அப்படித்தான். அதனால் சட்டமே இங்கே வேறு என்று நினைத்துக்கொள்கிறோம். தெற்கே வாஞ்சூரில், வடக்கே நண்டலாற்றில் வண்டியை நிறுத்தினாலும் பாட்டிலைத்தானே தேடுவார்கள், கறிப் பையை யார் பார்க்கப்போகிறார்கள் என்று ஒரு தைரியம். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் நடுவண் சட்டம். காரைக்காலுக்கும் அதேதான், நாகப்பட்டினத்துக்கும் அதேதான். எல்லைக்கோட்டைத் தாண்டினால் துறை மாறுகிறது, குற்றம் மாறுவதில்லை.

அந்தச் சட்டம் வேட்டை என்று எதைச் சொல்கிறது என்று பாருங்கள். சுடுவது மட்டுமில்லை, கண்ணி வைப்பது, விஷம் வைப்பது, விரட்டிப் பிடிப்பது, இரை காட்டி இழுப்பது, முட்டையைக் குலைப்பது எல்லாமே வேட்டை. இறைச்சி என்ற சொல்லுக்கும் விளக்கம் கொடுத்திருக்கிறது: பச்சையாக இருந்தாலும் சமைத்ததாக இருந்தாலும் இறைச்சிதான். "வறுத்துத்தான் எடுத்துப்போகிறேன்" என்பவர்களும் தப்ப முடியாது. உரிமம் இல்லாதவரிடமிருந்து வாங்குவதை 49-ஆம் பிரிவு தடுக்கிறது. அனுமதி இருக்கிறதா என்று தீர விசாரிக்காமல் வன உயிரையோ அதன் உடற்பொருளையோ ஏற்றிச்செல்ல ஒப்புக்கொள்ளக் கூடாது என்கிறது 48 ஏ பிரிவு. தெரிந்தவர் கொடுத்த பார்சல் என்று ஏற்றிக்கொள்ளும் ஆம்னி பஸ் ஓட்டுநருக்கும் இது பொருந்தும். வேட்டையாடப்பட்ட உயிர் அரசின் உடைமை; அந்தக் குற்றத்துக்குப் பயன்பட்டுப் பறிமுதலான வண்டியும் அரசின் உடைமையாகிவிடும் என்கிறது 39-ஆம் பிரிவு. மாதத் தவணை கட்டிக்கொண்டிருக்கிற காரை ஒரு பை கறிக்காக வைத்து விளையாட வேண்டுமா?

2022-இல் இந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. முன்பு நான்காம் அட்டவணையில் கிடந்த கொக்கு, மடையான், வக்கா எல்லாம் இப்போது இரண்டாம் அட்டவணையில் இருக்கின்றன. தண்டனை மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முதல் அட்டவணையில் இருக்கிற உயிராக இருந்துவிட்டால் குறைந்தது மூன்று ஆண்டு, ஏழு வரை போகும்.

இறகு பிடுங்கிய பிறகு அது என்ன பறவை என்று உங்களுக்குத் தெரியுமா? விற்பவர் கொக்கு என்பார். நாரையாக இருக்கலாம், அரிவாள் மூக்கனாக இருக்கலாம், முதல் அட்டவணையில் வருகிற ஒன்றாகவும் இருக்கலாம். வேட்டைக்கு உரிமம் கொடுக்கிற அமெரிக்காவில்கூட, வலசை வரும் வாத்தைச் சுட்டவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வரை ஒரு முழுச் சிறகையோ தலையையோ எடுக்கக் கூடாது. வழியில் நிறுத்துகிற அதிகாரி என்ன பறவை என்று பார்த்ததும் அறிய வேண்டும் என்பதற்காக அந்த விதி. அப்படிச் சட்டப்படி சுட்ட வலசைப் பறவையையும் அங்கே விற்க முடியாது. சந்தைக்காகக் கொல்வதை 1918-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு நிறுத்திவிட்டார்கள். இங்கே இறகைப் பிடுங்கிவிட்டால் அடையாளம் போய்விடும் என்று நினைக்காதீர்கள். ஐதராபாத்தில் இருக்கிற சிசிஎம்பி நிறுவனத்தின் ஆய்வகம் சிறு துண்டு இறைச்சியை வைத்தே மரபணு வழியாக எந்த உயிர் என்று சொல்லிவிடுகிறது. வேக வைத்த துண்டானாலும் பெரும்பாலும் சொல்லிவிடும்.

சட்டத்துக்காக மட்டும் நான் இதை எழுதவில்லை. உண்மையில் சட்டத்தைவிட என்னை வருத்துவது நீங்கள் வருகிற மாதம்.

வட நாட்டில் கொக்கும் நாரையும் ஆடி ஆவணியில் கூடு கட்டும். நம் பக்கத்தில் வடகிழக்குப் பருவமழையை நம்பிக் கட்டுகின்றன. திருவாரூர் மாவட்டத்து உதயமார்த்தாண்டபுரம் சரணாலயத்துக்கு மார்கழியில் ஒரு முறை போய்ப் பாருங்கள். ஏரிக்குள் நிற்கிற கருவேல மரங்களில் நத்தைகுத்தி நாரையும் வக்காவும் கொக்கும் கூட்டுக்குக் கூடு இடித்துக்கொண்டு குஞ்சு வளர்க்கும். 2022-இல் அந்த ஏரியும் அதே மாவட்டத்து வடுவூர் ஏரியும் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. கூட்டில் இருக்கும் குஞ்சுக்குத் தாயும் தகப்பனும் முறை போட்டு இரை கொண்டுவர வேண்டும். இரை எங்கே? வயலில். நம் பைக்குள் வருகிற கொக்கு இரை தேடி வந்த கொக்கு. பொங்கல் வாரத்தில் வயலில் பிடிபடும் ஒவ்வொன்றுக்கும் எங்கோ ஒரு கூடு இருக்கலாம். உங்கள் பெட்டி மதுராந்தகம் தாண்டுவதற்குள் இங்கே என்ன நடந்திருக்கும் என்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது.

உள்ளானின் கதை வேறு. அது இங்கே கூடு கட்டுவதே இல்லை. வளைமூக்கு உள்ளானும் கொசு உள்ளானும் சைபீரியாவின் வடக்கு ஓரத்தில், ஆர்க்டிக் கடலுக்குப் பக்கத்தில் பிறந்தவை. பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து கோடியக்கரைச் சேற்றுக்கு வருகின்றன. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல்லாண்டுகளாகக் கோடியக்கரையில் இவற்றின் காலில் சிறு வளையம் மாட்டிப் பறக்கவிட்டு, எது எங்கே போகிறது என்று கண்டறிந்தார்கள். கிடைத்தால் எங்களுக்குத் தெரிவியுங்கள் என்று அந்த வளையத்திலேயே எழுதியிருக்கும். இத்தனை தூரம் வந்த ஓர் உயிர் நம் ஊரில் வாங்குவது கண்ணியாக இருக்கக் கூடாது என்று நான் நினைக்கிறேன். விருந்தோம்பலைப் பற்றி இவ்வளவு பேசுகிற சமூகம் நாம்.

பிடிக்கிற விதத்தையும் சொல்லியாக வேண்டும். கண்ணியும் வலையும் பழையவை. உயிரோடு பிடித்த ஒரு கொக்கின் இமைகளை நூலால் தைத்து, காலைக் கட்டி வயலில் நிறுத்துவார்கள். தன் இனம் நிற்கிறது, இடம் பத்திரம்தான் என்று நம்பி மற்றவை இறங்கும். அதைவிட எளிய வழி விஷம். பூச்சிமருந்துக் குருணையைச் சின்ன மீனிலோ நெல்லிலோ கலந்து வைத்துவிட்டால், காலையில் பறவைகளைப் பொறுக்கிக்கொண்டு வர வேண்டியதுதான். கார்போபியூரான் என்ற மருந்து இப்படிப் பறவை கொல்வதற்கு உலகின் பல நாடுகளில் தவறாகப் பயன்பட்டிருக்கிறது. மனித நரம்பையும் தாக்குகிற மருந்து அது. கண்ணியில் விழுந்ததா, மருந்து தின்று செத்ததா என்று பையைப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. குழம்பில் கொதித்தால் போய்விடும் என்று நம்ப இடமில்லை. அந்தக் கறியை மடியில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு ஊட்டப்போகிறீர்கள்.

பயணத்தின் கணக்கும் இருக்கிறது. இறைச்சியில் கிருமி பெருகும் சூடு 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில். அந்த இடைவெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கறி கிடக்கக் கூடாது என்பது பொதுவான அளவுகோல். சட்டப்படி வேட்டையாடும் நாடுகளில் சுட்ட இடத்திலேயே குடலை எடுத்து, உடம்புச் சூட்டை இறக்கி, பிறகுதான் ஐஸில் வைக்கிறார்கள். இங்கே விடியலில் செத்தது, சாக்கில் கிடந்து, வெயிலில் கைமாறி, மத்தியானம் உங்கள் பெட்டிக்கு வருகிறது. பெட்டிக்குள் வந்த பிறகு எத்தனை ஐஸ் போட்டாலும் போன நேரம் திரும்பாது. நீர்ப்பறவைகள் பறவைக் காய்ச்சல் கிருமிக்கு இயற்கையான இருப்பிடம் என்பதும் நினைவிருக்கட்டும். இறகு பிடுங்குகிற கைக்கும், கழுவுகிற தொட்டிக்கும், அதே பெட்டியில் அடுத்து கிடக்கிற மீனுக்கும் அது பரவ வழி உண்டு.

பாரிசிலிருந்து வருகிறவர்களுக்குத் தனியாக ஒரு சொல். நீங்கள் எடுத்துப்போகப் போவதில்லை என்று தெரியும். வெளிநாட்டிலிருந்து பெட்டியில் இறைச்சி கொண்டுவருவதை ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பதில்லை. கருவாட்டுக்கும் மீனுக்கும் மட்டும் ஓர் அளவு உண்டு. அங்கே விமான நிலையத்தில் ஒரு சொல் மீறாத நீங்கள், இங்கே இறங்கியதும் "ஊர்ச் சாப்பாடு" என்று மடையானைக் கேட்டால் உங்களுக்காகத்தான் பிடிப்பார்கள். ஊரில் அதிகம் செலவு செய்பவர் நீங்கள். உங்கள் ஆசைக்குத்தான் இங்கே விலை. நீங்கள் வாழ்கிற நாட்டிலேயே தென்மேற்குப் பகுதியில் ஓர்டோலான் என்ற சின்னஞ்சிறு குருவியைத் தின்பது பெருமையான மரபாக இருந்தது. 1999-இல் அதைப் பாதுகாக்கப்பட்ட இனமாக்கிவிட்டார்கள். எதிர்ப்பு இல்லாமல் இல்லை. ஆனாலும் செய்தார்கள்.

பிடிக்கிறவர்களை நான் தனியே பழிக்க மாட்டேன். கண்ணி வைக்கிறவர் பெரும்பாலும் கூலி இல்லாத நாளில் வைக்கிறவர். வனத்துறை பிடித்தால் சிறைக்குப் போவதும் அவர்தான். வாங்கிய வண்டி அதற்குள் சிதம்பரம் தாண்டியிருக்கும். இந்த அநியாயத்தைக் கண்டு நான் கோபப்படுகிறேன். ஓர் ஏழையின் கையில் விலங்கு ஏறக் காரணமான பணம் நம் பர்சிலிருந்து போயிருக்கிறது. கேட்கிறவர் இல்லையென்றால் இருபது பறவையை அவர் வீட்டில் வைத்து என்ன செய்வார்? அவருக்கு உதவ நினைத்தால் வீட்டு வேலைக்குக் கூப்பிடுங்கள், தோப்பு வேலைக்குக் கூப்பிடுங்கள், கூலியைக் குறைக்காமல் கொடுங்கள்.

பறவையைக் காப்பது நகரத்துப் பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று ஒரு பேச்சு உங்களில் சிலரிடம் கேட்டிருக்கிறேன். வேடந்தாங்கல் மக்கள் பணக்காரர்கள் இல்லை. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் தங்கள் ஏரியில் பறவை சுடுகிறார்கள் என்று முறையிட்டு, 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸிடம் காவல் உரிமையை எழுதியே வாங்கிய குடியானவர்கள் அவர்கள். எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் பயிர் செழிக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுகுடிப்பட்டியில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கண்மாயில் குஞ்சு இருக்கிறது, பயந்துவிடும் என்று பிள்ளைகளே விட்டுக்கொடுக்கிறார்கள். நம் ஊர் வயலிலும் இந்தப் பறவைகள் சும்மா நிற்கவில்லை. வரப்பைத் துளைக்கிற நண்டையும், நாற்றைத் தின்கிற நத்தையையும், தத்துக்கிளியையும் புழுவையும் பொறுக்குகின்றன. நத்தைகுத்தி நாரையின் அலகு நடுவில் இடைவெளி விட்டு அமைந்திருப்பதே நத்தையைக் கையாளத்தான் என்கிறார்கள். பூச்சிமருந்துக் கடையில் கொட்டுகிற காசில் ஒரு பங்கை மிச்சப்படுத்திக் கொடுக்கிற கூலியில்லா ஆட்கள். உங்கள் அப்பாவின் வயலுக்குத்தான் இதுவும்.

சம்பந்தர் பாடிய திருத்தெளிச்சேரி இந்தக் கோவில்பத்துதான். அத்தனை நூற்றாண்டாக இந்த மண்ணுக்கு வந்துபோகிற பறவைகள் நம் தலைமுறையின் டிக்கியில் முடிய நான் சம்மதிக்க மாட்டேன்.

பெட்டியைக் காலியாகக் கொண்டுபோகச் சொல்லவும் இல்லை. தை மாதம் கடலுக்குத் தடை கிடையாது. தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். காரைக்கால் மீன்பிடித் துறைமுகத்துக்கு விடியலில் போனால் வஞ்சிரமும் சங்கராவும் நெத்திலியும் இறாலும் கண்ணெதிரே இறங்கும். வாங்கியதும் அங்கேயே செவுளையும் குடலையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ், அதுவும் கட்டியாக இல்லாமல் நொறுக்கியது. அடியில் ஓர் அடுக்கு ஐஸ், மேலே மீன், மறுபடி ஐஸ், கடைசியில் ஐஸ். அடியில் ஒரு தட்டோ மூங்கில் பிளாச்சோ போட்டால் உருகிய தண்ணீரில் மீன் ஊறாது. மூடி இடுக்கை டேப் போட்டு அடைத்துவிட்டு, வழியில் ஆசைப்பட்டுத் திறந்து பார்க்காதீர்கள். இறாலைத் தலை கிள்ளி வையுங்கள், கறுக்காது. நண்டை ஐஸில் போட வேண்டாம். ஈரச் சாக்கில் சுற்றி உயிரோடு கொண்டுபோங்கள், வழியில் செத்தது எதுவானாலும் எறிந்துவிடுங்கள். பறவைக் கறிதான் வேண்டும் என்றால் நாட்டுக்கோழி இருக்கிறது, பண்ணையில் வளர்க்கிற ஜப்பான் காடை இருக்கிறது. வயல் காடையும் கவுதாரியும் வேறு, அவற்றைத் தொடாதீர்கள்.

உங்களிடம் யாராவது பையை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். "இந்த வருஷம் மட்டும்" என்று சொல்லாதீர்கள். மொத்தமாகக் கூவி விற்பதைக் கண்டால் இங்கே புதுச்சேரி வனத்துறைக்கோ, எல்லை தாண்டியிருந்தால் நாகப்பட்டினம் வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்துக்கோ ஒரு போன் போடுங்கள். வீட்டுப் பெரியவர்கள் உங்களுக்காக முன்கூட்டியே சொல்லிவைப்பார்கள், அன்பினால்தான். அவர்களிடம் இப்போதே, மார்கழி பிறப்பதற்குள், பேசிவிடுங்கள். மீன் வேண்டுமென்றால் கிளம்புவதற்கு முந்தின நாள் எனக்குச் சொல்லுங்கள். துறைமுகத்துக்கு நானே கூட வருகிறேன்.

அன்புடன்,
கோவில்பத்தில் இருக்கும் உங்கள் அக்கா